அந்தமான் நிக்கோபாரில் ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் புகையிலைப் பழக்கம்: உடலில் என்ன நடக்கிறது, விடுவதால் என்ன கிடைக்கும்?

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 15 வயதைக் கடந்த ஆண்களில் 58 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். பெண்களில் இந்த விகிதம் சுமார் 31 சதவீதம். 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு இதனைத் தெரிவிக்கிறது. அதே ஆய்வின்படி நாடு முழுவதற்குமான சராசரி ஆண்களில் 38 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். தமிழ்நாட்டில் ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கும் பெண்களில் இருபதில் ஒருவருக்கும் மட்டுமே இப்பழக்கம் உள்ளது.

சுமார் 1,200 கிலோமீட்டர் கடலைத் தாண்டிச் சென்னையுடன் நாள்தோறும் தொடர்பில் இருக்கும் ஒரு தீவுக்கூட்டத்தில், அதுவும் தமிழர்கள் கணிசமாக வாழும் ஓரிடத்தில், இந்த வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருப்பது கவனத்துக்குரியது. ஆண்களின் விகிதம் தமிழ்நாட்டைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. பெண்களின் விகிதம் ஆறு மடங்கு.

ஒரு விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புகையிலை குறித்து நாட்டில் நடத்தப்படும் மிக விரிவான கணக்கெடுப்பான உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வு, 2016-17ஆம் ஆண்டுச் சுற்றில் மாநிலங்களையும் சில ஒன்றியப் பகுதிகளையும் மட்டுமே உள்ளடக்கியது. அந்தமான் நிக்கோபார் அதில் இடம்பெறவில்லை. எனவே எத்தனை பேர் பீடி பிடிக்கின்றனர், எத்தனை பேர் மெல்லுகின்றனர், எத்தனை பேர் விட முயன்று தோற்றனர் என்ற நுணுக்கமான விவரங்கள் பிற மாநிலங்களுக்குக் கிடைப்பதுபோல் இத்தீவுகளுக்குக் கிடைப்பதில்லை. குடும்ப நல ஆய்வின் எண்களே இங்கு முதன்மை ஆதாரம்.

புகை இல்லாத புகையிலை

இத்தகைய அறிக்கைகளைத் தமிழாக்கும்போது ஒவ்வொரு முறையும் இடறும் சொல் ஒன்று உண்டு. மென்றோ உதட்டினுள் ஒதுக்கியோ பயன்படுத்தப்படும் பொருளை 'புகையில்லாப் புகையிலை' என்று எழுத நேர்கிறது. பெயரிலேயே புகையைச் சுமந்திருக்கும் ஓர் இலைக்குப் புகையில்லை என்று அடைமொழி சேர்ப்பது விந்தைதான். ஆனால் சிக்கல் மொழியோடு முடிவதில்லை. "எனக்குப் புகைப்பழக்கம் இல்லை, வெற்றிலை மட்டும் போடுவேன்" என்று ஒருவர் மருத்துவரிடம் சொல்லும்போது, அந்த வெற்றிலைக்குள் இருக்கும் புகையிலைத் துண்டு கணக்கில் வராமலேயே போகிறது. புகைத்தல் கேடு என்ற எச்சரிக்கை தமக்கு உரியதன்று என அவர் கருதிவிடுகிறார்.

இந்தியாவில் மெல்லுவோரே அதிகம். மேற்சொன்ன 2016-17 ஆய்வின்படி வயதுவந்தோரில் 10.7 சதவீதத்தினர் புகைப்போர்; 21.4 சதவீதத்தினர் மெல்லுவோர் அல்லது வாயில் ஒதுக்குவோர். இரண்டையும் செய்வோரும் உளர். பெண்களிடையே புகைத்தல் குறைவாகக் காணப்படும் நம் நாட்டில், மூன்றில் ஒரு பெண்ணுக்குப் புகையிலைப் பழக்கம் உள்ளது என்று ஓர் ஆய்வு சொல்லுமானால், அதன் பெரும்பகுதி வெற்றிலையோடும் பாக்கோடும் வாய்க்குள் செல்வது என்று கொள்ளலாம். அந்தமானில் பாக்கு ஒரு முக்கியப் பணப்பயிர். நிக்கோபாரிகளின் வாழ்வில் வெற்றிலை பாக்கு பழங்காலந்தொட்டே இடம்பெற்று வருகிறது. பாக்கு தீவில் விளைகிறது. புகையிலையோ கப்பலில் வருகிறது.

கப்பலில் வந்த இலை

புகையிலை இந்தத் தீவுகளின் தாவரமன்று. இந்தியப் பெருநிலத்துக்கே அது போர்த்துகீசியர் வழியாக வந்து சேர்ந்த அயல்பயிர். அந்தமானின் பழங்குடியினருக்கு அதனை அறிமுகப்படுத்தியதில் ஆங்கிலேய நிர்வாகத்துக்குப் பங்குண்டு. 1858இல் இங்குத் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்ட பின்னர், 1863இல் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' என்ற பெயரில் ஒரு குடியிருப்பு ஏற்படுத்தப்பட்டது. இன்று அத்தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என அழைக்கப்படுகிறது. காட்டில் வாழ்ந்த பெரும் அந்தமானியரை நட்பாக்கிக்கொள்வதே இல்லத்தின் நோக்கம். அங்கு வந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருள்களில் புகையிலையும் இருந்தது. பிற்காலத்தில் பழங்குடியினர் பொறுப்பு அதிகாரியாக இருந்த எம்.வி.போர்ட்மன், 1899இல் வெளியான தமது வரலாற்று நூலில், அவர்களுக்குப் புகையிலைப் பழக்கத்தை ஏற்படுத்தியதைத் தீங்குகளுள் ஒன்றாகவே பதிவு செய்துள்ளார்.

பெரும் அந்தமானியரின் அழிவுக்குப் புகையிலை காரணம் என்று சொல்வது மிகை. 1877ஆம் ஆண்டின் தட்டம்மை, மேகநோய் உள்ளிட்ட தொற்றுகளே அவர்களைக் கொன்றன. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 625 பேராக இருந்தவர்கள் 1961இல் 19 பேராகச் சுருங்கினர். எனினும் வெளியாரின் தொடர்பு என்பது நோயையும் போதையையும் ஒரே படகில் ஏற்றி வந்தது என்பதில் ஐயமில்லை.

அது பழங்கதையாகவும் முடியவில்லை. 1990களின் பிற்பகுதியில் ஜாரவா மக்கள் காட்டைவிட்டு வெளியே வந்து பழகத் தொடங்கிய பிறகு, அந்தமான் நெடுஞ்சாலையில் செல்வோரும் காட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைவோரும் அவர்களுக்குப் புகையிலையும் பான் மசாலாவும் கொடுத்துப் பழக்கியதாகத் தொடர்ந்து செய்திகள் வந்துள்ளன. 1956ஆம் ஆண்டின் ஆதிப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அவர்களது காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. சில நூறு பேரே கொண்ட ஒரு சமூகத்திற்குப் புகையிலையைப் பரிசாகக் கொடுப்பது எத்தகைய 'நட்பு' என்பதைச் சுற்றுலா செல்வோர் எண்ணிப் பார்க்கலாம்.

உடலுக்குள் நடப்பது

புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 நொடிகளுக்குள் நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. ஊசி மூலம் நரம்பில் ஏற்றப்படும் மருந்துகூட இவ்வளவு விரைவாகச் சென்றடைவதில்லை. மூளையில் டோப்பமின் என்ற வேதிப்பொருள் சுரக்க, ஒரு சிறு நிறைவு தோன்றுகிறது. ஓரிரு மணி நேரத்தில் இரத்தத்தில் நிக்கோட்டின் குறைகிறது. எரிச்சல், பதற்றம், கவனச்சிதறல் தலைகாட்டுகின்றன. அடுத்த பீடி அவற்றைத் தணிக்கிறது. "புகைத்தால் மன அழுத்தம் குறைகிறது" என்று பலர் உணர்வதற்கு இதுவே காரணம். உண்மையில், முந்தைய பீடி உண்டாக்கிய தவிப்பைத்தான் அடுத்த பீடி போக்குகிறது.

நிக்கோட்டின் அடிமைப்படுத்துகிறது. கொல்லும் வேலையைப் பெரும்பாலும் செய்வன புகையில் உள்ள மற்றப் பொருள்கள். புகையிலைப் புகையில் சுமார் 7,000 வேதிப்பொருள்கள் இருப்பதும், அவற்றுள் ஏறத்தாழ 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்குவன என்பதும் கண்டறியப்பட்டுள்ளன. கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஆக்ஸிஜன் அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதயம் கூடுதலாக உழைக்க நேர்கிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் சேதமடைந்து, இரத்தம் எளிதில் உறையும் தன்மையைப் பெறுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் இவ்வழியே வருகின்றன. மூச்சுக்குழாயின் உட்புறத்தில் தூசியையும் சளியையும் மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் செயலிழக்கின்றன. காலையில் எழுந்ததும் வரும் 'புகைப்போர் இருமல்' அதன் அடையாளம். ஆண்டுகள் செல்லச் செல்ல நுரையீரலின் காற்றுப்பைகள் சிதைந்து, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக முற்றுகிறது. சிதைந்த காற்றுப்பை மீண்டும் வளர்வதில்லை.

பீடி சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இலையில் சுற்றியதால் 'இயற்கையானது' என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. பீடியில் புகையிலையின் அளவு குறைவுதான். ஆனால் அதன் இலை எளிதில் எரியாது. அணையாமல் காக்க அடிக்கடி இழுக்க வேண்டும், ஆழமாகவும் இழுக்க வேண்டும். இந்தியாவில் புகைத்தலும் மரணமும் குறித்து 2008இல் வெளியான நாடு தழுவிய பெரிய ஆய்வு ஒன்று, பீடி புகைக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டுகளையும், பீடி புகைக்கும் பெண்கள் 8 ஆண்டுகளையும், சிகரெட் புகைக்கும் ஆண்கள் 10 ஆண்டுகளையும் இழப்பதாகக் கணக்கிட்டது.

காசநோயும் பீடியும்: தமிழ்நாடு தந்த பாடம்

புகைத்தல் என்றதும் நுரையீரல் புற்றுநோயே நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் அதற்கு இணையாகப் பேசப்பட வேண்டியது காசநோய். இதனை உலகுக்குத் தெளிவாக உணர்த்திய ஆய்வு தமிழ்நாட்டில் நடந்தது. சென்னையைச் சேர்ந்த தொற்றியல் ஆய்வாளர் வி.கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டோர் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த சுமார் 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்துடன் ஒப்பிட்டனர். 2003இல் 'லான்செட்' இதழில் வெளியான அதன் முடிவுகள் வியப்பளித்தன. நடுத்தர வயதில் புகைப்போர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, ஒருபோதும் புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் ஏறத்தாழ பாதிப்பேரின் மரணத்துக்குப் புகைத்தல் காரணமாக இருக்கலாம் என்றும் அவர்கள் கணித்தனர்.

காசநோய்க் கிருமி நம் நாட்டில் கோடிக்கணக்கானோரின் உடலில் உறங்கிக் கிடக்கிறது. பெரும்பாலானோருக்கு அது வாழ்நாள் முழுவதும் நோயாக மாறுவதில்லை. நுரையீரலின் காவல் அணுக்களைப் புகை பலவீனப்படுத்தும்போது அது விழித்துக்கொள்கிறது. நிக்கோபார் பழங்குடியினரிடையே காசநோய் நீண்ட காலமாகவே பெரும் சவாலாக இருந்து வருகிறது. ஒரே கூரையின்கீழ் பலர் வாழும் வீடுகளில், புகைக்கும் ஒருவருக்கு நோய் முற்றினால் அது அவரோடு நிற்பதில்லை. காசநோய் மருந்து உட்கொள்ளும்போதும் புகைப்பதைத் தொடர்பவர்களுக்குக் குணமடைவது தாமதமாகும். நோய் திரும்ப வரும் வாய்ப்பும் கூடும்.

மூன்று விரல் சோதனை

மெல்லும் புகையிலை, பாக்கு இரண்டையுமே புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் என உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. பாக்கு தனித்தே, புகையிலை சேராமலேயே, அப்பட்டியலில் உள்ளது. பாக்கை மட்டும் மெல்லுவதால் கேடில்லை என்று கருதுவோர் இதனை அறிய வேண்டும். புகையிலையை விட்டுவிட்டுப் பாக்கைத் தொடர்வது பாதி விடுதலைகூட அன்று.

தொடர்ந்து பாக்கு மெல்லுவோரின் கன்னத்தின் உட்புறத் தசை மெல்ல மெல்ல இறுகி நாராகிறது. காரம் பட்டால் எரிச்சல் ஏற்படும். வாய் முழுதாகத் திறக்க வராது. வாய்த் தசைநார் இறுக்கம் எனப்படும் இந்நிலை புற்றுநோய்க்கு முந்தைய கட்டமாகக் கருதப்படுகிறது. இதனைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு: உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் செங்குத்தாக அடுக்கி, மேல்வரிசைப் பற்களுக்கும் கீழ்வரிசைப் பற்களுக்கும் இடையே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கன்னத்திலோ நாக்கிலோ தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், காரணமின்றி ஆடும் பல், குரல் மாற்றம், கழுத்தில் கட்டி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. வலி இல்லை என்பதால் அது ஒன்றுமில்லை என்று பொருளன்று. வாய்ப்புற்றின் தொடக்கம் பெரும்பாலும் வலிப்பதில்லை.

கருவுற்ற பெண்களுக்கு மெல்லும் புகையிலை தனித் தீங்கு விளைவிக்கிறது. மும்பையில் 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், புகையிலை மென்ற தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 105 கிராம் குறைந்திருந்தது. குறைப்பிரசவத்தின் வாய்ப்பும் மூன்று மடங்காக இருந்தது. தீவுகளில் பெண்களிடையே இப்பழக்கம் எவ்வளவு பரவியுள்ளது என்பதோடு இதனைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்ணிடம் "புகைப்பீர்களா" என்று மட்டும் கேட்டால், "இல்லை" என்ற பதிலே கிடைக்கும்.

கடலுக்கு அப்பால் சிகிச்சை

நோய் எங்கும் ஒன்றுதான். அதன் விலை எங்கும் ஒன்றன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3,80,581 பேர் வாழும் இந்தத் தீவுகளில், மக்கள் பல தீவுகளில் சிதறிக் கிடக்கின்றனர். தெற்குக் கோடியில் உள்ள கேம்ப்பெல் பேயிலிருந்து தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்துக்கு 500 கிலோமீட்டருக்கும் மேல். கப்பலில் ஒரு நாளுக்கும் கூடுதலாகும். தலைநகரில் ஜி.பி.பந்த் மருத்துவமனை உள்ளது. 2015இல் மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. எனினும் சிக்கலான புற்றுநோய், இதய நோய்களுக்காகச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ பயணப்படுவது தீவு வாழ்வின் பகுதியாகவே இருந்து வருகிறது. சென்னையில் கப்பலைவிட்டு இறங்கி அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் வாசலைத் தேடிச் செல்லும் தீவுவாசிகள் புதியவர்கள் அல்லர்.

வாய்ப்புற்றுக்கான கதிர்வீச்சு சிகிச்சை பொதுவாக வாரத்தில் ஐந்து நாள் என ஆறு முதல் ஏழு வாரம் நீடிக்கும். அறுவை சிகிச்சையும் சேர்ந்தால் மூன்று மாதமாகலாம். விமானத்தில் வந்தால் இரண்டு மணி நேரம். கப்பலில் வந்தால் ஏறக்குறைய மூன்று நாள். காப்பீட்டுத் திட்டங்கள் மருத்துவச் செலவைத் தாங்கக்கூடும். நோயாளிக்குத் துணையாக வருபவரின் கூலி இழப்பு, வாடகை அறை, ஊரில் விட்டுவந்த பிள்ளைகள், பறிக்கப்படாத பாக்குத் தோப்பு ஆகியவை எந்தத் திட்டத்திலும் எழுதப்படுவதில்லை. கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக்காகக் குடியமர்த்தப்பட்ட இலங்கைத் தாயகம் திரும்பியோரின் குடும்பங்களைப்போல, பெருநிலத்தில் உறவினர் பிடிமானம் குறைந்தவர்களுக்கு இது இன்னும் கடினம்.

மற்றவர் விடும் புகை

2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டப்படி பொது இடங்களில் புகைத்தல் தடை செய்யப்பட்டுள்ளது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் விரிவான விதிகள் நடைமுறையில் உள்ளன. அபராதம் 200 ரூபாய் வரை. மருத்துவமனை, அலுவலகம், உணவகம், பொதுப் போக்குவரத்து ஆகியவை இதில் அடங்கும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு விற்பதும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத் தொலைவுக்குள் விற்பதும் குற்றம். சிறுவருக்குப் புகையிலை கொடுத்தால் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். கடைக்குப் போய் பீடி வாங்கிவரப் பிள்ளையை அனுப்பும் தந்தையர் இதனை அறிந்திருக்கிறார்களா என்பது ஐயமே.

வீட்டுக்குள் புகைப்பதைச் சட்டம் தடுப்பதில்லை. பிறர் விடும் புகையைச் சுவாசிக்கும் குழந்தைகளுக்கு ஆஸ்துமா, நிமோனியா, காதுத் தொற்று அதிகம் வருகின்றன. சன்னலைத் திறந்து வைப்பதாலோ மின்விசிறியைச் சுழலவிடுவதாலோ இது நீங்குவதில்லை.

விட்டால் என்ன கிடைக்கும்?

இங்குதான் செய்தி நல்லதாக மாறுகிறது. கடைசிப் பீடியை அணைத்த 20 நிமிடங்களில் இதயத் துடிப்பு சீராகத் தொடங்குகிறது. அரை நாளில் இரத்தத்தின் கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு வருகிறது. சில வாரங்களில் இரத்த ஓட்டமும் நுரையீரல் திறனும் மேம்படுகின்றன. ஓராண்டில் இதயக் குழாய் நோயின் கூடுதல் ஆபத்து பாதியாகக் குறைகிறது. பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருக்கு உள்ளதில் ஏறத்தாழ பாதி அளவுக்கு இறங்குகிறது.

பிரிட்டனில் 1951இல் 34,439 ஆண் மருத்துவர்களிடம் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு, வயதுவாரியாக ஒரு கணக்கைத் தந்தது. 60 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 3 ஆண்டுகளும், 50 வயதில் விட்டவர்களுக்கு 6 ஆண்டுகளும், 40 வயதில் விட்டவர்களுக்கு 9 ஆண்டுகளும், 30 வயதில் விட்டவர்களுக்கு 10 ஆண்டுகளும் ஆயுளில் மீண்டும் கிடைத்தன. "இத்தனை வயதுக்கு மேல் விட்டு என்ன ஆகப்போகிறது" என்ற கேள்விக்கு அந்த 3 ஆண்டுகளே பதில். பேரப்பிள்ளையின் பள்ளிப் பருவத்தைக் காண அது போதுமானது.

குறைத்துக்கொண்டால் போதாதா என்றும் பலர் கேட்கின்றனர். நாளொன்றுக்கு 20 சிகரெட் புகைப்பவருக்கு இதய நோய்க்கான கூடுதல் ஆபத்து எவ்வளவோ, அதில் ஏறக்குறைய பாதி, ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும் இருப்பதாக 2018இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று காட்டியது. புற்றுநோயைப் பொறுத்தவரை குறைப்பதால் பயனுண்டு. இதயத்தைப் பொறுத்தவரை பாதி பீடியும் பீடிதான். மின்சிகரெட்டுக்கு மாறும் வழி இந்தியாவில் மூடப்பட்டுவிட்டது. 2019 முதல் அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தும் தடை செய்யப்பட்டுள்ளன.

எப்படி விடுவது?

முதல் மூன்று நாள்களே மிகக் கடினமானவை. எரிச்சல், தூக்கமின்மை, மலச்சிக்கல், கடும் பசி ஆகியவை தோன்றலாம். இரண்டு முதல் நான்கு வாரங்களில் இவை பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அந்த நிமிடங்களைக் கடத்துவதே முழு உத்தியும்: தண்ணீரை மெதுவாகக் குடிப்பது, எழுந்து நடப்பது, யாருக்காவது தொலைபேசியில் பேசுவது, பெருஞ்சீரகத்தையோ ஏலக்காயையோ மெல்லுவது. பாக்கை மட்டும் எடுக்கக் கூடாது. தேநீரும் பீடியும் சேர்ந்தே பழகியவர்கள், தேநீர் குடிக்கும் இடத்தையும் நேரத்தையும் சில வாரங்களுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. மது அருந்தும்போது மன உறுதி தளர்வதால், விட்ட புதிதில் அதையும் தவிர்க்குமாறு மருத்துவர்கள் கூறுவர்.

மன உறுதி மட்டுமே போதும் என்று சொல்லிக் கைவிடுவது சரியன்று. நிக்கோட்டின் பசையும் ஒட்டுப்பட்டையும், புகையில் உள்ள நச்சுகள் இன்றி நிக்கோட்டினை மட்டும் சிறிதளவு தந்து தவிப்பைத் தணிக்கின்றன. பிறகு அவற்றையும் படிப்படியாகக் குறைத்துவிடலாம். 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இவை சேர்க்கப்பட்டுள்ளன. பசையைச் சாதாரண மிட்டாய்போல் விடாது மெல்லக் கூடாது. சுறுசுறுப்பு உணர்வு வரும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, உணர்வு மறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். மாத்திரைகளும் உள்ளன, அவற்றை மருத்துவர் ஆலோசனையின்றி எடுக்கலாகாது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் எந்த மருந்துக்கும் முன்பாக மருத்துவரைக் காண வேண்டும்.

ஒருமுறை தவறிப் புகைத்துவிட்டால் முயற்சி தோற்றதாகாது. நிலையாக விட்டவர்களில் பலர் அதற்கு முன் பலமுறை முயன்றவர்களே. எந்த நேரத்தில், யாருடன் இருந்தபோது தவறியது என்பதைக் குறித்துக்கொண்டால் அடுத்த முயற்சிக்கு அது உதவும்.

தீவுகளில் ஆலோசகரை நேரில் காணக் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் தேசியப் புகையிலைக் கைவிடல் உதவி எண் 1800-11-2356, எந்தத் தொலைபேசியிலிருந்தும் கட்டணமின்றி அழைக்கக்கூடியது. 2016இல் டெல்லி வல்லபபாய் படேல் மார்புநோய் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட இச்சேவை பின்னர் பெங்களூரு, மும்பை, குவாஹாட்டி மையங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் தென்னிந்திய மொழிகளில் ஆலோசனை வழங்குகிறது, தமிழிலும் பேசலாம். ஆலோசகர் அழைப்பவரோடு சேர்ந்து விடும் நாளொன்றைக் குறிப்பார். அந்நாளுக்குப் பிறகு அவரே திரும்ப அழைத்து நிலையை விசாரிப்பார். சிகரெட், பீடி, மெல்லும் புகையிலை உறைகளின் எச்சரிக்கைப் படத்திலேயே இந்த எண் 2018 முதல் அச்சிடப்பட்டு வருவது குறிப்பிடத்தக்கது.